250 ஓம் ஹெட்ஃபோனுக்கு சவுண்ட் கார்டா, வெளியே வைக்கும் டாக்கா?

கேள்வி சுருக்கமாக இது. டெஸ்க்டாப் கணினி, மதர்போர்டிலேயே உள்ள ரியல்டெக் ஏஎல்சி897 சவுண்ட், புதிதாக வாங்கிய பேயர்டைனமிக் டிடி 990 புரோ 250 ஓம் ஹெட்ஃபோன். கேபினெட்டின் முன்பக்க ஜாக்கில் செருகினால் சினிமாப் பாட்டு ஓரளவு சத்தமாகக் கேட்கிறது, ஆனால் கச்சேரிப் பதிவுகள் வால்யூமை முழுசாக வைத்தாலும் போதவில்லை. மவுஸை நகர்த்தினால் பின்னால் மெல்லிய கீச்சொலி. ட்ரெபிள் காதைக் குத்துகிறது. 10,000 ரூபாய்க்குள் உள்ளே செருகும் சவுண்ட் கார்டு வாங்குவதா, வெளியே வைக்கும் டாக்-ஆம்ப் (எண்களாக இருக்கும் ஒலியை மின்சாரமாக்கும் டாக்கும், அதைப் பெருக்கும் ஆம்ப்பும் சேர்ந்த பெட்டி) வாங்குவதா, வெளியே வைத்தால் மைக்கை எங்கே செருகுவது?

நீங்கள் எழுதியதில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. நல்ல கார்டாக ஒன்று வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் கீச்சொலி வரும் வழி வேறு, சத்தம் போதாமல் போவது வோல்ட் கணக்கு, ட்ரெபிள் குத்துவது அந்த ஹெட்ஃபோனின் பிறவிக் குணம், அதை எந்த சவுண்ட் கார்டும் மாற்றாது. அதனால் எதை வாங்குவது என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். எது குறைகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் வாங்க வேண்டிய பொருள் தானாகவே சின்னதாகவும் மலிவாகவும் ஆகிவிடும்.

கீச்சொலியில் இருந்து ஆரம்பிக்கிறேன், பணமே செலவாகாமல் தீர வாய்ப்புள்ளது அதுதான். எந்தப் பாட்டும் ஓடாமல், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வால்யூமை வழக்கமான அளவில் வைத்து, படங்கள் நிறைந்த ஒரு பெரிய பக்கத்தை வேகமாக மேலும் கீழும் உருட்டிப் பாருங்கள். அப்புறம் ஏதாவது ஒரு கேமைத் திறந்து அதன் மெனுவில் நிறுத்தி வையுங்கள். ஃபிரேம் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்லாத மெனு என்றால் கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சில் ஓடும், இரைச்சல் இருந்தால் அப்போது நன்றாகத் தெரியும். (ஒரு காதைத் திறந்து கேட்டுக்கொள்ளுங்கள், கிராபிக்ஸ் கார்டில் உள்ள கம்பிச்சுருளே (காயில்) நேரடியாக ரீங்காரம் இடுவது உண்டு, உங்கள் ஹெட்ஃபோன் பின்பக்கம் திறந்த வகை என்பதால் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும்.) இப்போது ஹெட்ஃபோனை மதர்போர்டின் பின்பக்கப் பச்சை ஜாக்குக்கு மாற்றி அதே இரண்டையும் செய்து பாருங்கள்.

பின்பக்கத்தில் சத்தம் மறைந்துவிட்டால் குற்றவாளி சவுண்ட் சிப் இல்லை, முன்பக்க ஜாக்குக்குப் போகும் வயர். பெரும்பாலான போர்டுகளில் அந்த வயர் செருகும் பின்கள் கீழ் ஓரத்தில், பின்பக்க மூலைக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே புகுந்து கேபினெட்டின் முன்பக்கம் வரைக்கும் அந்த மெல்லிய வயர் போகிறது, மலிவான கேபினெட்களில் அதற்கு ஷீல்டு இருக்காது. அது மட்டும் இல்லை, முன்பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னப் பலகையில் ஆடியோ ஜாக்கும் யூஎஸ்பி போர்ட்டும் ஒரே கிரவுண்டைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. மவுஸோ கீபோர்டோ அங்கே செருகப்பட்டிருந்தால் அதற்குப் போகும் கரண்டின் ஏற்ற இறக்கம் கிரவுண்டு வழியாக உங்கள் காதுக்கு வரும். மவுஸ் அசையும்போது மட்டும் கீச்சுகிறது என்கிறீர்கள், எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். மவுஸைப் பின்பக்க போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள், சில நேரம் அதிலேயே கதை முடிந்துவிடும்.

பின்பக்கத்திலும் சத்தம் இருந்தால் விண்டோஸின் சவுண்ட் செட்டிங்கில் மைக், லைன் இன் இரண்டுக்கும் உள்ளே போய் 'லிசன் டு திஸ் டிவைஸ்' டிக் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், மைக் பூஸ்ட் ஏறியிருந்தால் இறக்குங்கள். பயன்படுத்தாத உள்ளீடு ஒன்று திறந்து கிடந்து அதன் இரைச்சல் வெளியீட்டில் கலப்பது சாதாரணமாக நடப்பது. இதையும் பார்த்த பிறகும் கீச்சொலி போகவில்லை என்றால்தான் ஒலியை அனலாகாக மாற்றும் வேலையைக் கேபினெட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, சத்தம் போதாமை. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். டிடி 990 புரோவுக்குக் கம்பெனி சொல்லும் சென்சிட்டிவிட்டி (எவ்வளவு மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் என்ற கணக்கு) 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். 250 ஓமில் 1 மில்லிவாட் என்பது சரியாக 0.5 வோல்ட். வோல்ட் இரட்டிப்பானால் 6 டெசிபல் கூடும். ஆக 0.5 வோல்ட்டில் 96, 1 வோல்ட்டில் 102, 2 வோல்ட்டில் 108, 2.5 வோல்ட்டில் 110. மதர்போர்டு ஜாக்குகள் அதிகபட்சமாக 1 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேலே தருபவைதான், அதிலும் ஒரு பங்கு ஜாக்கின் சொந்தத் தடையிலேயே விழுந்துவிடும் (அதற்கு அப்புறம் வருகிறேன்). உங்களுக்குக் கிடைக்கும் உச்சம் 100 டெசிபல் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

100 டெசிபல் என்றால் காது கிழியுமே, பிறகு ஏன் போதவில்லை? அது உச்சம், சராசரி அல்ல என்பதால். இன்றைய சினிமாப் பாட்டுகள் மாஸ்டரிங்கில் நன்றாக இறுக்கிக் கட்டப்பட்டவை, சராசரிச் சத்தம் உச்சத்துக்குச் சுமார் 10 டெசிபல் கீழேதான் நிற்கும். ஆக 90 டெசிபலில் பாட்டு ஓடுகிறது, தாராளமாகப் போதும். கச்சேரிப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் கீழ் ஸ்தாயியில் ஆலாபனை தொடங்கும் இடத்துக்கும் தனி ஆவர்த்தனத்தின் கடைசி மோராவுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. சராசரி உச்சத்துக்கு 20 டெசிபல் கீழே, பல இடங்களில் அதற்கும் கீழே. பழைய நேரடிப் பதிவுகளில் இன்னொன்றும் உண்டு, ஃபைலின் உச்சத்தைத் தொடுவது பாட்டே இல்லை, யாரோ மைக்கைத் தட்டியதோ கடைசியில் வந்த கைதட்டலோ, பாட்டு அதற்கு வெகு கீழே கிடக்கும். அப்படிப்பட்ட பதிவில் குரல் உங்களுக்கு 70 டெசிபலில் வந்தால் அதிசயம் இல்லை. மின்விசிறி ஓடும் அறையில், பின்பக்கம் திறந்த ஹெட்ஃபோனில், தம்புரா சுருதி காணாமல் போய்விடும்.

இதற்கும் ஒரு இலவச மருந்து இருக்கிறது. ஃபைலில் உச்சத்துக்கு மேலே வெற்றிடம் இருந்தால் ப்ளேயரிலேயே சத்தத்தைக் கூட்டலாம். ஃபூபார்2000 வைத்திருந்தால் அந்த ஆல்பங்களை ரீப்ளேகெயின் (பதிவின் சத்தத்தை அளந்து சரிக்கட்டும் வசதி) ஸ்கேன் செய்து, ப்ரீஆம்ப்பில் சில டெசிபல் ஏற்றி, கிளிப்பிங்கை (ஒலி உச்சத்தைத் தாண்டி வெட்டுப்படுவதை) தடுக்கும் தேர்வையும் போட்டுக்கொள்ளுங்கள். பல கச்சேரிகள் இதிலேயே கேட்கும்படி ஆகிவிடும். ஆனால் நடுவில் ஒரு கைதட்டல் உச்சத்தைத் தொட்டு நிற்கும் பதிவில் இது வேலைக்கு ஆகாது, அங்கே உண்மையிலேயே அதிக வோல்ட் வேண்டும். அதிகம் என்றால் எவ்வளவு? 2 வோல்ட் இருந்தால் இப்போது கிடைப்பதைவிட 8 டெசிபல் கூடும், 4 வோல்ட் என்றால் 14. இதற்கு மேல் இந்த ஹெட்ஃபோனுக்குத் தேவையே இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான எல்லை 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் இரண்டு மடங்கு கிடைக்கிறதே என்று ஆம்ப்பைத் திருப்பிக்கொண்டே போனால் போன காது திரும்ப வராது.

'250 ஓம் என்றால் ஆம்ப் வேண்டும், 32 ஓம் என்றால் வேண்டாம்' என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஓமை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, சென்சிட்டிவிட்டியும் சேர வேண்டும். ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 99 டெசிபல். 110 டெசிபல் உச்சத்துக்கு 0.7 வோல்ட் போதும், ஃபோனே ஓட்டிவிடும். ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ இன்னும் குறைந்த 32 ஓம்தான், ஆனால் 91 டெசிபல். அதே 110-க்கு 1.6 வோல்ட் கேட்கும், கூடவே 50 மில்லிஆம்பியர் கரண்டும் கேட்கும். உங்கள் 250 ஓம் ஹெட்ஃபோன் 2.5 வோல்ட் கேட்டாலும் கரண்டு 10 மில்லிஆம்பியர்தான். ஒன்றுக்கு வோல்ட் வேண்டும், இன்னொன்றுக்குக் கரண்டு வேண்டும், இரண்டையும் 'ஓட்டுவது கஷ்டம்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுவதால்தான் வாங்குகிறவர்களுக்குக் குழப்பம்.

இப்போது அந்த ஜாக்கின் சொந்தத் தடை, அதாவது அவுட்புட் இம்பீடன்ஸ். விளம்பரத்தில் இது பெரும்பாலும் இருக்காது, ஆனால் ஒலியின் குணத்தை உண்மையிலேயே மாற்றும் விஷயம் இதுதான். ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ் (ஓமில் சொல்லும் அந்தத் தடை) எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே எண்ணாக இருப்பதில்லை, ஏறி இறங்கும். ஜாக்கின் தடையும் ஹெட்ஃபோனின் தடையும் வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்வதால், ஹெட்ஃபோனின் தடை ஏறும் அதிர்வெண்ணில் சத்தம் கூடும், இறங்கும் இடத்தில் குறையும். ஒரு இன்-இயர் ஓரிடத்தில் 32 ஓமாகவும் இன்னோரிடத்தில் 8 ஓமாகவும் இருக்கிறது என்று வையுங்கள். பேலன்ஸ்டு ஆர்மேச்சர் வகையில் இப்படி ஆடுவது சகஜம். 10 ஓம் தடையுள்ள ஜாக்கில் செருகினால் அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே கிட்டத்தட்ட 4.7 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும், 1 ஓம் ஜாக்கில் அது 0.75 மட்டுமே. 4.7 டெசிபல் என்பது ஈக்வலைசரில் ஒரு பட்டையை எடுத்து இழுத்துவிட்டதற்குச் சமம், யார் காதுக்கும் தெரியும். ஹெட்ஃபோன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் ஜாக்கின் தடை இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான்.

உங்களுக்கு நல்ல செய்தி, 250 ஓமுக்கு எட்டில் ஒரு பங்கு 31 ஓம், ஆகவே கட்டுப்பாடு தளர்வானது. ஜாக் 75 ஓமாகவே இருந்தாலும் குணத்தில் வரும் மாற்றம் ஒரு டெசிபலுக்குள் அடங்கிவிடும், பேஸ் ஒரு சுற்று தடிக்கும், அவ்வளவுதான். மொத்தச் சத்தத்தில் 2.3 டெசிபல் குறையும். ஹைஃபைமேன் போன்ற பிளேனார் வகைகளில் இம்பீடன்ஸ் அநேகமாக நேர்கோடு, அங்கே குணம் மாறுவதே இல்லை, சத்தம் மட்டும் விழும்.

உங்கள் ஜாக்கின் தடை எவ்வளவு என்று வீட்டிலேயே அளந்துவிடலாம், நான் புதிதாக எந்தக் கணினி கிடைத்தாலும் இதைச் செய்து பார்ப்பேன். ஆடாசிட்டியில் 50 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை உருவாக்கி ஓட விடுங்கள். 50 ஹெர்ட்ஸ் ஏன் என்றால் மல்டிமீட்டர்கள் வீட்டுக் கரண்டை அளப்பதற்குச் செய்யப்பட்டவை, அந்த அதிர்வெண்ணில் சரியாகக் காட்டும். ஒரு 3.5 மிமீ பிளக்கை வாங்கி, நுனிக்கு ஒரு வயர், அடிப்பகுதிக்கு ஒரு வயர் சால்டர் செய்துகொள்ளுங்கள். நுனி இடது சேனல், நடு வளையம் வலது, அடி கிரவுண்டு. ஹெட்ஃபோன் செருகியிருக்கக் கூடாது. வெறும் ஜாக்கில் ஏசி வோல்ட்டைப் பாருங்கள், அப்புறம் அந்த இரண்டு வயருக்கும் குறுக்கே 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து வால்யூமைத் தொடாமல் மறுபடி பாருங்கள். முதலில் 1.2 வோல்ட், ரெசிஸ்டர் வைத்ததும் 0.37 வோல்ட் என்றால், 1.2-ஐ 0.37-ஆல் வகுக்க 3.24, ஒன்றைக் கழிக்க 2.24, 33-ஆல் பெருக்க 74 ஓம். டோனும் வால்யூமும் முழு அளவில் இருந்தால் முதல் எண்ணே உங்கள் ஜாக்கின் அதிகபட்ச வோல்ட்டையும் சொல்லிவிடுகிறது, ஒரே வேலையில் இரண்டு விடை. ஒரே ஒரு எச்சரிக்கை. கடைகளில் கிடைக்கும் அந்த மலிவு மஞ்சள் மீட்டர்களில் ஏசிக்கு 200 வோல்ட், 750 வோல்ட் என்ற இரண்டு ரேஞ்ச் மட்டுமே இருக்கும், அதில் 0.37 என்பதெல்லாம் தெரியாது. ஏசியில் 2 வோல்ட் ரேஞ்ச் உள்ள மீட்டரோ, தானே ரேஞ்ச் மாற்றிக்கொள்ளும் மீட்டரோ வேண்டும்.

அளப்பதற்கு முன் இன்னொன்று. ரியல்டெக்கின் ஆடியோ கன்சோலில், நீங்கள் பிளக்கைச் செருகியதும் 'என்ன செருகினீர்கள்' என்று கேட்கும் போர்டுகள் இருக்கின்றன. அதில் ஹெட்ஃபோன் என்று தேர்ந்தெடுத்தால்தான் உள்ளே இருக்கும் ஆம்ப் வேலைக்கு வரும், ஸ்பீக்கர் என்று விட்டுவிட்டால் லைன் அவுட்டாகவே நிற்கும். முன் ஜாக்கையும் பின் ஜாக்கையும் ஒப்பிடும்போது இதையும் மாற்றிப் பாருங்கள்.

உள்ளே செருகும் கார்டா, வெளியேவா? என் பதில் வெளியே, இதில் எனக்குத் தயக்கமே இல்லை. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் முதல் சவுண்ட் பிளாஸ்டரை விற்றபோது ஐபிஎம் வகைக் கணினிகளுக்கென்று பெரும்பாலும் ஒலியே கிடையாது, பீப் சத்தம் மட்டும்தான். கார்டு போட்டால்தான் கேமில் இசை. பிறகு பல ஒலிகளைக் கலப்பது, முப்பரிமாண ஒலி, எதிரொலி எல்லாவற்றையும் கார்டின் சிப்பே செய்து பிராசசரின் பாரத்தைக் குறைத்தது. 2004-இல் இன்டெல்லின் எச்டி ஆடியோ தரம் வந்து மதர்போர்டுக்குள்ளேயே ஓரளவு நல்ல ஒலி குடியேறியது. 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் ஒலி அமைப்பையே மென்பொருளில் மாற்றி எழுத, டைரக்ட்சவுண்ட் (விண்டோஸ் கேம்கள் ஒலிக்குப் பயன்படுத்திய வழி) வேலையைக் கார்டின் சிப்பில் ஏற்றும் வழி அடைபட்டது. அதோடு கார்டின் பழைய பெருமைக்கான காரணம் போய்விட்டது. இன்றைக்கு அதற்கு மிச்சம் இருப்பது இரண்டே வேலை, எண்களை மின்சாரமாக்குவது, அதைப் பெருக்கி ஹெட்ஃபோனுக்குக் கொடுப்பது. இந்த இரண்டையும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பவர் சப்ளைக்கும் நடுவில் உட்கார்ந்து செய்வானேன்?

நல்ல உள்கார்டுகள் இல்லை என்று சொல்லவில்லை. சவுண்ட் பிளாஸ்டர் ஏஇ-5 மாதிரியானவை நன்றாகச் செய்யப்பட்டவை, அதன் ஹெட்ஃபோன் வெளியீட்டின் தடை 1 ஓம்தான். ஆனால் மூன்று ஸ்லாட் தடிமனுள்ள கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் மிஞ்சுமா என்பதே சந்தேகம், மினி-ஐடிஎக்ஸ் என்ற சின்ன அளவு போர்டு என்றால் இருப்பதே ஒன்றுதான். டிரைவருக்குக் கம்பெனியையே நம்பியிருக்க வேண்டும், விண்டோஸ் மாறும்போது பழைய கார்டுகள் அநாதையாகிப் போனதை நிறையப் பார்த்தாகிவிட்டது. யூஎஸ்பி டாக்குக்கு அந்தக் கவலை குறைவு, யூஎஸ்பி ஆடியோ 2-க்கான டிரைவர் 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்தே உள்ளே இருக்கிறது. செருகினால் ஓடும், நாளைக்கு லேப்டாப் வாங்கினாலும் ஓடும், லினக்ஸ் போட்டாலும் ஓடும், ஃபோனிலும் ஓடும்.

வாங்கும்போது பெட்டியில் எதைப் படிப்பது? 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைத் தாண்டிப் போய்விடுங்கள். 16 பிட்டே 96 டெசிபல் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும், நீங்கள் கேட்கும் எந்தக் கச்சேரிப் பதிவின் பின்னணி இரைச்சலும் அதைவிட எவ்வளவோ மேலே இருக்கிறது. 120 டெசிபல் எஸ்என்ஆர் (ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி) என்பதையும் ஜாக்கிரதையாகப் படியுங்கள். மதர்போர்டு விளம்பரங்களில் வரும் ஏஎல்சி1220-இன் 120 என்பது சிப்பின் எண், போர்டில் பொருத்தி ஜாக்கில் அளந்த எண் அல்ல. நீங்கள் தேட வேண்டியது இரண்டுதான், வெளியீட்டு வோல்ட்டும் அவுட்புட் இம்பீடன்ஸும். வோல்ட் போடாமல் '32 ஓமில் 125 மில்லிவாட்' என்று மட்டும் போட்டிருந்தால் 0.125-ஐ 32-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், 2 வோல்ட். உங்கள் 250 ஓமுக்கு அது 16 மில்லிவாட்தான் தரும், அதுவே 108 டெசிபல், போதும்.

இந்தக் கணக்கு தெரிந்தால் ஒரு பிரபலமான யோசனையையும் எடை போட்டுவிடலாம். ஆப்பிளின் அந்தச் சின்ன யூஎஸ்பி-சி ஹெட்ஃபோன் அடாப்டர் ஒரு முழு டாக்-ஆம்ப், தடை 1 ஓம் பக்கம், இரைச்சல் மிகக் குறைவு, விலைக்கு அதிசயமான பொருள், சென்சிட்டிவான ஹெட்ஃபோன் வைத்திருக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது அதைத்தான். ஆனால் அதன் உச்சம் 1 வோல்ட், ஐரோப்பிய மாடலில் அதிலும் பாதி. உங்கள் கீச்சொலி போகும், கச்சேரி அதே மெல்லிய குரலில்தான் கேட்கும். ஆகவே உங்களுக்கு 2 வோல்ட்டோ அதற்கு மேலோ தரும் டாங்கிள், அதாவது இதே மாதிரிச் சின்ன யூஎஸ்பி டாக்-ஆம்ப், வேண்டும். ஃபியோ, மூன்ட்ராப், ஐஃபை மாதிரி கம்பெனிகளிடம் இருக்கிறது, உங்கள் பட்ஜெட்டில் பாதிக்குள்ளேயே கிடைக்கும். மேசையில் கை வைத்துத் திருப்ப ஒரு வால்யூம் குமிழ் வேண்டும், ஸ்பீக்கருக்கும் வெளியீடு வேண்டும் என்றால் டாப்பிங், எஸ்எம்எஸ்எல், ஃபியோ வகை மேசை டாக்-ஆம்ப்புக்குப் போங்கள், அவற்றில் 4 வோல்ட் சாதாரணம். பேலன்ஸ்டு 4.4 மிமீ ஜாக்குக்கு மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். டிடி 990 புரோவின் கேபிள் கழற்ற முடியாத சுருள் கேபிள், மூன்றே வயர், அந்த ஜாக்கில் செருகவே முடியாது. கம்பெனிகள் பெரிய எழுத்தில் போடும் பவரும் பல நேரம் அந்த ஜாக்கின் பவர், சாதாரண ஜாக்கின் எண்ணைத் தேடிப் படியுங்கள்.

விலை கூடக் கூட டாக்கின் ஒலி கூடும் என்று நம்புகிறவர்களுக்கு 2011-இல் நடந்ததைச் சொல்ல ஆசை. சொந்தப் பெயரை வெளியிடாமல் எழுதிக்கொண்டிருந்த ஒரு பொறியாளர் ஆப்ஜெக்டிவ்2 என்ற ஹெட்ஃபோன் ஆம்ப்பை வடிவமைத்து, சர்க்யூட்டையும் அளவீடுகளையும் எல்லோரும் செய்துகொள்ளும்படி வெளியே வைத்தார். சாதாரண ஆப்-ஆம்ப்கள் (சிக்னலைப் பெருக்கும் சிப்கள்), அரை ஓம் அளவுக்கு அவுட்புட் இம்பீடன்ஸ், விலை உயர்ந்த ஆம்ப்களுக்குச் சமமான அளவீடுகள். எட்டில் ஒரு பங்கு விதியை ஹெட்ஃபோன்காரர்கள் நடுவில் பரப்பியதும் அவர் எழுத்துதான். 2012-க்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை, ஆனால் அளவீட்டை வெளியிடாமல் வார்த்தையால் விற்பது அதன் பிறகு கஷ்டமாகிவிட்டது. இன்று நன்கு செய்யப்பட்ட ஐயாயிரம் ரூபாய் டாக்கையும் ஐம்பதாயிரம் ரூபாய் டாக்கையும் ஒரே சத்தத்தில் பொருத்தி, எது எது என்று சொல்லாமல் போட்டால் பிரிக்க முடியாது. ஒரே சத்தம் என்றால் மீட்டர் வைத்து, காதால் இல்லை. அரை டெசிபல் கூட இருந்தால் அதுதான் 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றும், ஒப்பிட்டுப் பேசுவதில் பாதி இந்த அரை டெசிபலால் வந்தது.

கடைசியாக ட்ரெபிள். டிடி 990-க்கு 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பெரிய மேடு இருக்கிறது, ஸ, ஷ எழுத்துகளும் ஜால்ராவும் மோர்சிங்கும் குத்துவது அதனால். ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, 8 கிலோஹெர்ட்ஸில் ஒரு பீக் ஃபில்டர் (அந்த இடத்தை மட்டும் ஏற்றி இறக்குவது), கியூ (ஃபில்டரின் அகலத்தைத் தீர்மானிக்கும் எண்) 2, மைனஸ் 6 டெசிபல் என்று ஆரம்பியுங்கள். மேட்டின் நடுப்புள்ளி காதுக்குக் காது கொஞ்சம் நகரும், அதனால் அதிர்வெண்ணை 7-இலிருந்து 9 வரை மெதுவாக நகர்த்தி ஸகாரம் எங்கே அடங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். வெட்டுவது மட்டும் என்றால் ப்ரீஆம்ப்பைக் குறைக்க வேண்டியதில்லை. பேஸையும் கூட்டுகிறீர்கள் என்றால் கூட்டிய அளவுக்கு ப்ரீஆம்ப்பை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளிப் ஆகும். அப்படி இறக்கும் டெசிபலும் சத்தத்திலிருந்துதான் போகும் என்பதால் 2 வோல்ட்டுக்கு மேல் இருப்பது இங்கேயும் கைகொடுக்கும். வாசாபி எக்ஸ்க்ளூசிவிலோ ஆசியோவிலோ (விண்டோஸின் ஒலிக் கலவையைத் தாண்டி நேரே டாக்குக்கு அனுப்பும் முறைகள்) ப்ளேயரை வைத்தால் ஈக்வலைசர் ஏபிஓ வேலை செய்யாது, சாதாரண ஷேர்டு முறையிலேயே விடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. நீங்கள் சொன்ன மூன்றில் காதுக்கு மிகப் பெரிய மாற்றத்தைத் தரப்போவது இந்த ஒரு ஃபில்டர்தான் என்று நினைக்கிறேன், இதைப் போட்டுவிட்டு ஒரு வாரம் கேட்ட பிறகு டாங்கிளுக்கு ஆர்டர் கொடுங்கள்.

டாங்கிள் வந்ததும் அதைப் பின்பக்க யூஎஸ்பி போர்ட்டில் நேராகச் செருகுங்கள், ஹப்பில் வேண்டாம். விண்டோஸில் ஃபார்மேட்டை 24 பிட்டில் வைத்தால் வால்யூமை விண்டோஸிலேயே குறைத்துக் கேட்டாலும் நுணுக்கம் போகாது. முதல் தடவை பாட்டுப் போடும் முன் வால்யூமை 10-க்கு இறக்கிவிடுங்கள், பழைய ஜாக்கில் 100-இல் வைத்துப் பழகிய கை. மேசை ஆம்ப்போடு கரண்டில் ஓடும் ஸ்பீக்கரையும் சேர்க்கும் நாளில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் அது கிரவுண்டு லூப், டாக்கின் குறை இல்லை. கணினியையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து எடுங்கள், அந்த பிளக்பாயின்ட்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

மைக் விஷயம் எளிது. வெளியே டாக் வைத்தாலும் மதர்போர்டின் மைக் ஜாக் அப்படியே உயிரோடுதான் இருக்கும். விண்டோஸில் அவுட்புட்டுக்குப் புது டாக்கையும் இன்புட்டுக்கு ரியல்டெக் மைக்கையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. எல்லாம் ஒரே பெட்டியில் வேண்டும் என்றால் சவுண்ட் பிளாஸ்டர் எக்ஸ் ஜி6-இல் தனி மைக் ஜாக்கும், 250 ஓம் ஹெட்ஃபோனுக்கு ஏற்ற கெயின் சுவிட்சும் இருக்கிறது, உங்கள் பட்ஜெட்டுக்குள் வருகிறதா என்று பாருங்கள். மைக்கில் பேச ஆரம்பித்ததும் பாட்டு அமுங்கிப் போனால் டாக்கைச் சந்தேகப்படாதீர்கள், அழைப்பின்போது மற்றச் சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும் ஏற்பாடு விண்டோஸில் இருக்கிறது. பழைய சவுண்ட் பேனலில் 'கம்யூனிகேஷன்ஸ்' டேபைத் திறந்து 'டூ நத்திங்' என்று மாற்றிவிடுங்கள்.